பச்சைக்கரைத் துணி

மூன்றாவது வெள்ளிக்கிழமையும் கார்க் கதவின் கைப்பிடியில் அந்த முடிச்சு தொங்கியது.

உள்ளே செம்மண்ணும் வேப்பிலையும். துணி, பச்சைக்கரை வேட்டியில் கிழித்தது.

"செய்வினைதாங்க. அன்னிக்குச் செத்தவரு கட்டியிருந்ததும் பச்சைக்கரைதான்" என்றாள் சுகுணா.

அவள் கணவர் ரகுநாத்துக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கையால் தொடாமல் குச்சியால்தான் தள்ளினார்.

இரண்டு மாதம் முன்னால், குடுமியான்மலை விலக்கில் சைக்கிளில் வந்த அழகுமலை, இவர்கள் கார் மோதி இறந்துபோனார். ஓட்டியவள் சுகுணா. லைசென்ஸ் கிடையாது. "நான்தான் ஓட்டினேன்" என்று போலீஸில் எழுதிக் கொடுத்தவர் ரகுநாத்.

உண்மை தெரிந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். நஷ்டஈடு மொத்தமும் இவர்கள் தலையில் விழும். வீடு போய்விடும்.

அன்றிலிருந்து சுகுணாவுக்குத் தூக்கமில்லை. சற்றே கண் அசந்தாலும் அவள் விரல்கள் தானாக மடங்கி, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளும். 

"அழகுமலை பொண்டாட்டி செங்கமலம் வேலைதான் இது. நஷ்டஈட்டு கேஸ்ல சாட்சி சொல்லப் போறாள்ல, அதுக்குள்ள நம்மளப் பைத்தியமாக்கப் பாக்குறா. கையும் களவுமாப் பிடிச்சு மெரட்டுனா வாயத் தொறக்க மாட்டா" என்றார் ரகுநாத்.

அடுத்த வெள்ளி, விடிகிற நேரம். இருவரும் ஜன்னலுக்குப் பின்னால் காத்திருந்தார்கள்.

செங்கமலம் வந்தாள். காரை மெதுவாகச் சுற்றினாள். உதடு மட்டும் அசைந்தது, சத்தமே இல்லை.

சுகுணாவின் விரல்கள் மடங்கத் தொடங்கின.

ரகுநாத் வெளியே பாய்ந்தார். "ஏய், செய்வினையா வைக்கிற? போலீஸக் கூப்பிடவா?"

அவள் பதறவில்லை. அவரைத் தாண்டி, வாசலுக்கு வந்துவிட்ட சுகுணாவைப் பார்த்தாள்.

"செய்வினை இல்லம்மா. பயந்த எடத்து மண்ணெடுத்துச் சுத்திக் கட்டுனா பயம் தெளியும்பாங்க. அன்னிக்கு ஸ்டியரிங்க விட முடியாம நடுங்கிக்கிட்டு இருந்தீங்களே..."

"நீ பாத்தியா?" என்றார் ரகுநாத்.

"பக்கத்து வயல்ல நின்னேங்க. கோர்ட்ல உள்ளதத்தான் சொல்லுவேன். அது வேற, இது வேற."

கையிலிருந்த புது முடிச்சைச் சுகுணாவிடம் நீட்டினாள்.

"அவரு வேட்டியிலதான் கிழிச்சேன். அவருக்கு ஒங்க மேல கோவம் இல்லன்னு ஒங்களுக்குத் தெரியணும்ல?"