சாயம் ஏற்றாத ஜோடி

நகைக் கல் கடைக்குள் வந்த பெண்ணுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த லாபிஸ் என்னும் நீல ரத்தினக் கற்கள் இரண்டை மேஜையில் வைத்துவிட்டு நகத்தைக் கடித்தாள். கம்மலில் பதிப்பதற்கென்று குமிழாகத் தேய்த்த கற்கள்.

"சாயம் ஏத்தின கல்லான்னு பாத்துச் சொல்லுங்கக்கா."

எவனோ இவள் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான் போல என்று கடைக்காரம்மாவுக்குப் பாவமாக இருந்தது. நெயில்பாலிஷ் அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து, ஒரு கல்லை அழுத்தித் துடைத்தாள்.

"சாயமா இருந்தா பஞ்சு நீலமாயிடும். பாரு, வெள்ளை வெளேர்னு இருக்கு."

"இன்னொண்ணு?"

அதிலும் ஒன்றும் ஒட்டவில்லை.

"நல்லா தேச்சுப் பாருங்கக்கா!"

கடைக்காரம்மா சிரித்தபடி மறுபடியும் தேய்த்தாள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் ஓடிய பொன் ரேகை மற்றதிலும் அப்படியே ஓடியது.

"சுத்தமான கல்லும்மா. ஒரே கல்லை ரெண்டா அறுத்து எடுத்த ஜோடி. இப்படி அமையறது குதிரைக்கொம்பு. யாரு கொடுத்தது, கட்டிக்கப் போறவரா? கெட்டியா பிடிச்சுக்கோ!"

அந்தப் பெண் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவரைத்தான் கட்டிக்கறதா இருந்துச்சுக்கா. போலிக் கல்லைக் கொடுத்து ஏமாத்தப் பாக்கறீங்கன்னு நாலு பேர் முன்னாடி கேவலப்படுத்தி, அவரை விரட்டிட்டேன்."

"ஐயோ! இப்பவாவது போய்ப் பேசும்மா."

வாசலில் கார் ஹாரன் விடாமல் அலறியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா கூப்பிடறாங்க. நாளைக்கு எனக்குக் கல்யாணம்க்கா, வேற ஒருத்தரோட. இது சாயக் கல்லுதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன், நிம்மதியா போயிடறேன்."