நீல மூடி

"ஏட்டி, பெரிய பெட்டியோட இந்தப் பையையும் சேத்துக் குடுத்திருக்கலாம்லா? சீட்டு ஒட்டி, நம்ம ரூம் வாசல்லயே கொண்டாந்து வச்சிருப்பாவ" என்று பல்லைக் கடித்தார் சங்கரபாண்டியன்.

"துணிமணி தொலைஞ்சா வேற வாங்கிக்கிடலாம். தண்ணி தொலைஞ்சா?" என்ற வள்ளித்தாய், கட்டைப்பையைக் கைக்குழந்தையைப் போல இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

கொச்சித் துறைமுகம். கோவில்பட்டியில் பெயின்ட் கடை வைத்திருக்கும் சங்கரபாண்டியனை, அந்த வருடம் வியாபாரம் நன்றாக நடந்ததற்காக, கம்பெனிக்காரர்கள் மனைவியோடு இரண்டு நாள் கப்பல் பயணத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அவருக்குப் பின்னால் இன்னும் நாற்பது கடைக்காரர்கள், குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்றார்கள்.

"கப்பல்ல தண்ணி தர மாட்டாவளா?"

"சுத்தியும் உப்புத்தண்ணி. நடுக்கடல்ல நல்ல தண்ணிக்கு அவிய எங்க போவாவ?" பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் பிடிக்கிறவள் அவள். அவளிடம் இதற்கு மேல் பேசிப் பயனில்லை.

சோதனை மேசையில் இருந்த அதிகாரி பையை விரித்துப் பார்த்தார்.

"சேச்சி, இது எந்தா? வெள்ளமா?"

"வெள்ளமா? எங்க பக்கம் மழை பேஞ்சே ரெண்டு வருசமாச்சு அண்ணாச்சி! இது தண்ணி."

மலையாளத்தில் தண்ணீரைத்தான் 'வெள்ளம்' என்று கேட்டிருந்த அதிகாரியின் புருவம் உயர்ந்தது. தமிழர்கள் எதையெல்லாம் 'தண்ணி' என்பார்கள் என்பது அவருக்குத் தெரியும் போலிருந்தது.

"மது இருந்தா கப்பல்ல ஏத்த மாட்டோம், சேச்சி. அங்கே பாருங்க."

சுவர் ஓரத்துப் பெஞ்சில் ஒருவர் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

சங்கரபாண்டியனின் பார்வை பைக்குப் போனது. பைக்குள் பன்னிரண்டு வெள்ளை மூடிகளுக்கு நடுவில் ஒரே ஒரு நீல மூடி. அது அவருடைய கைவரிசை. உள்ளே இருப்பது, நண்பர் நந்தகோபால் வாங்கிக் கொடுத்த ஜின்.

"பாக்கப் பச்சத்தண்ணி மாதிரியே இருக்கும் மாப்ள. தங்கச்சியோட பாட்டிலோட பாட்டிலாப் போயிரும். ஒரு பய கண்டுபிடிக்க முடியாது" என்று சொல்லியிருந்தார் நந்தகோபால்.

போன பங்குனியிலேயே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தார் சங்கரபாண்டியன். வள்ளித்தாயும் அதை நம்பி, தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

"பேசாம பையை இங்கனயே வச்சிட்டுப் போயிருவோம்ட்டி" என்றார்.

"எதுக்கு வைக்கணும்? நாம என்ன களவாண்டா கொண்டு போறோம்? அண்ணாச்சி, நீங்க ஒவ்வொண்ணாத் திறந்து மோந்து பாருங்க!"

அதிகாரி திறந்தார். மோந்தார். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்தாவது பாட்டிலோடு அவருக்கே அலுத்துவிட்டது.

"மதி, மதி. போதும் சேச்சி, போகலாம்."

சங்கரபாண்டியனுக்குப் போன உயிர் திரும்பியது. பையை எடுக்கக் கையை நீட்டினார்.

"அண்ணாச்சி, அந்த நீல மூடியை விட்டுட்டியளே!" என்றாள் வள்ளித்தாய்.

அதிகாரி நீல மூடியைத் திருகத் தொடங்கினார். சங்கரபாண்டியன் கண்களை இறுக மூடிக்கொண்டார். 'கழுகுமலை முருகா! இந்த ஒரு தடவை என் மானத்தைக் காப்பாத்து. இனிமே செத்தாலும் அதைத் தொடமாட்டேன். உன் சந்நிதியில மொட்டை போடுதேன்!'

கண்ணைத் திறந்தபோது, அதிகாரி பாட்டிலை மூக்கருகே வைத்திருந்தார். வியர்த்துக் கொட்டும் சங்கரபாண்டியனின் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் பளிச்சென்று நிற்கும் வள்ளித்தாயைப் பார்த்தார். லேசாகச் சிரித்தார்.

"நல்ல வெள்ளம். போங்க."

கப்பல் அறையின் வாசலில், சீட்டு ஒட்டிய பெரிய பெட்டி அவர்களுக்கு முன்பே வந்து காத்திருந்தது. கதவைச் சாத்தியதும் சங்கரபாண்டியனின் கண் கலங்கிவிட்டது.

"வள்ளி, உன்கிட்ட மறைக்க மாட்டேன். அந்த நீல மூடியில இருக்கது ஜின்னு. அந்த ஆபீசருக்கு அது தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும், உன் வெள்ளை மனசைப் பாத்து என்னை விட்டுட்டாரு. எந்த ஊர்லயோ பிறந்த மனுசன், எவ்வளவு பெரிய தயவு! இனிமே தொடமாட்டேன்னு முருகனுக்கு நேந்துட்டேன். மொட்டையும் போடுதேன்."

சொல்லிவிட்டு, நீல மூடியைத் திருகி, பாட்டிலைக் கைகழுவும் தொட்டியில் கவிழ்க்கப் போனார்.

"ஐயையோ, கொட்டிராதீய!" ஓடி வந்து பிடுங்கினாள் வள்ளித்தாய். "பன்னெண்டு நாளைக்கு ஒருக்க வார தண்ணி!"

அவர் குனிந்து, அவள் கையிலிருந்த பாட்டிலை மோந்து பார்த்தார். ஒரு வாடையும் இல்லை.

"நான் பிடிச்சு வச்சது பன்னெண்டு பாட்டிலு. கிளம்பையில எண்ணுதேன், பதிமூணு இருக்கு. நம்மூர்ல தண்ணி குறையும், குட்டியா போடும்? மோந்து பாத்தேன். சாக்கடையில கொட்டி, பாட்டிலை நல்லாக் கழுவி, குடத்துத் தண்ணியை ஊத்தி வச்சேன்."

சங்கரபாண்டியன் தன் தலைமுடியைப் பரிதாபமாகத் தடவிக்கொண்டார். "அப்பம்... வெறும் பச்சத்தண்ணிக்கா நான் மொட்டை நேந்தேன்?"

"நேந்தது நேந்ததுதான்" என்று நீல மூடியை இறுக்கினாள் வள்ளித்தாய். "நீங்க முருகனைக் கூப்பிட்டிய, அவரு வாரதுக்கு முன்னாலயே வள்ளி வந்துட்டா, அவ்வளவுதான்!"