அலமாரி ஸ்டுடியோ

அலமாரிக்குள் உட்கார்ந்து அதே வசனத்தை அவள் மறுபடியும் சொன்னாள். "கயிறு அறுந்தா அறுந்துட்டுப் போகுது. படி இருக்குல்ல?"

வெளியே வந்து ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். சரியில்லை.

வசனம் அவள் தனியாக உருவாக்கிய கம்ப்யூட்டர் விளையாட்டின் நாயகியுடையது. நாயகி ஒரு லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடம் ஒன்றில் மாடி மாடியாக ஏறி, பழுதான லிஃப்ட்டுகளைச் சரிசெய்தபடி, தனக்குத்தானே பேசிக்கொண்டு போவாள்.

ஆரம்பத்தில் கட்டடத்துக்கு மூன்று மாடிதான். விளையாடியவர்கள் இன்னும் வேண்டும் என்றார்கள், இவளும் ஆசைப்பட்டு அகலக்கால் வைத்துவிட்டாள். இப்போது கட்டடம் மேகத்துக்குள் போய்விட்டது. படம் வரைவது, புரோகிராம் எழுதுவது, இசை, நாயகிக்குக் குரல், புகார் எழுதுகிறவர்களுக்குப் பதில், எல்லாம் இவள் ஒருத்திதான். "உங்கள் டீமுக்கு வாழ்த்துகள்" என்று யாராவது எழுதினால், டீம் சார்பில் நன்றி சொல்லிவிட்டு டீமுக்கு ஒரு காபி போட்டுக் கொடுப்பாள்.

நாளை புதிய மாடிகள் வெளியாக வேண்டும். தேதியை ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆனால் முன்கூட்டியே விளையாடிப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஒரே குறையைத்தான் சொன்னார்கள். நடிகையை ஏன் மாற்றினீர்கள்? காலி வீட்டில் நின்று பேசுவதுபோல் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

பாதிப் பேர் விளையாடுவதே அந்தக் குரலுக்காகத்தான். அது போனால் இவ்வளவு நாள் கட்டியதும் போச்சு.

அவள் அசரவில்லை. பிழை என்று ஒன்று இருந்தால் காரணம் என்று ஒன்று இருக்கும், தேடினால் அகப்படும். மைக்கை மாற்றினாள். வயரை மாற்றினாள். தொண்டையோ என்று வெந்நீராகக் குடித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு புரோகிராமை வரி வரியாகப் பார்த்தாள். எல்லாம் யோக்கியமாகவே இருந்தன.

அலமாரியும் அதேதான், படுக்கையறைச் சுவரோடு சேர்த்துக் கட்டியது. பழைய வசனங்கள் எல்லாமே அதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசியவைதான். சொல்லப்போனால் வசதி இப்போதுதான் கூடியிருந்தது. முன்பெல்லாம் துணிகளுக்கு நடுவே ஒடுங்கி நின்று பேச வேண்டும். இப்போது ஸ்டூல் போட்டு உட்காரலாம்.

கடைசியில் தம்பிக்குப் போன் செய்தாள். அவன் ரேடியோவில் ஒலிப்பதிவாளன். தாடி வளர்ந்த நாளிலிருந்து தன்னை மேதை என்றே நினைத்துக்கொண்டிருப்பவன்.

"மாமா இன்னும் டூர்லயா?" என்று கேட்டுக்கொண்டே கோட்டும் தாடியுமாக உள்ளே வந்தான்.

"ம்" என்று சொல்லி ஹெட்போனை அவன் கையில் திணித்தாள்.

பழைய பதிவையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்டான். தாடியைத் தடவினான். மேதைகள் அவசரப்படுவதில்லை.

"குரல் அதேதான்க்கா. எடம்தான் வேற."

"அதே அலமாரிடா."

அவன் நம்பவில்லை. அலமாரிக்குள் ஏறி நின்று, ஒரே ஒரு தடவை கையைத் தட்டினான். தலையைச் சாய்த்துக் கேட்டான். இடது பக்கம் தொங்கிய அக்காவின் துணிகளைத் தள்ளிப் பார்த்துவிட்டு வலது பக்கம் திரும்பினான்.

"இந்தப் பக்கம் தொங்குன துணிதான் இவ்வளவு நாளா எதிரொலியை எல்லாம் குடிச்சிட்டிருந்திருக்கு" என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். வலது பக்கக் கம்பியில் ஹேங்கர்கள் மட்டுமே இருந்தன. "மாமா சட்டையெல்லாம் எங்கக்கா?"

சலவைக்குப் போட்டிருக்கிறது என்ற பதில் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் டூர் என்று சொன்ன வாய்க்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் டூர் போகிறவன் குளிர்காலத்து ஸ்வெட்டரையும் கல்யாணக் கோட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவதில்லை என்பது மேதைக்கும் தெரியும்.

உண்மையைச் சொன்னால், அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பிழை அகப்பட்டுவிட்டது.

"எடுத்துட்டுப் போயிட்டார்" என்றாள். "இனிமே வரமாட்டார். நீ கோட்டைக் கழட்டு."

அவன் விழித்தான்.

"கழட்டி அங்க மாட்டுடா. சட்டையையும்."

அதற்குப் பிறகு வீட்டில் தொங்கவிடக்கூடிய ஒன்றையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஹால் திரைச்சீலை வந்தது. கம்பளிகள் வந்தன, மெத்தை விரிப்பு வந்தது. தம்பி பனியனோடு நின்று எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தான். ஒவ்வொன்றாக ஏற ஏற உள்ளே இடம் குறைந்தது. ஸ்டூலை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு அவள் ஹெட்போனும் மைக்குமாக ஒடுங்கி நின்றாள். கதவைச் சாத்தினாள்.

இருட்டில் தம்பியின் கோட்டு கன்னத்தில் உரசியது. ஒருத்தருக்காவது தெரிந்துவிட்டதே என்பது அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. இறுக்கமான செருப்பைக் கழற்றியதுபோல் இருந்தது.

வசனத்தைச் சொன்னாள். லிஃப்ட் மெக்கானிக் பழையபடி காதோரம் வந்து பேசினாள். நாளைக்குக் கட்டடம் திறந்துவிடும், சந்தேகமே இல்லை.

அடுத்த வசனத்துக்கு மூச்சை இழுத்தபோது ஹெட்போனில் வேறு ஏதோ கேட்டது. மைக்கைத் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் கேட்டது. கதவுக்கு வெளியே யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.

கதவை ஒரு விரல் அளவு திறந்தாள்.

"அழறதுன்னா ஹால்ல போய் அழுடா. மைக்ல விழுது."