மவுஸ் வேண்டாத கணினி

கல்லூரி மாணவி நிலோஃபர் தன் புராஜெக்டுக்காக ஒரு கையுறை தைத்திருந்தாள். அதை வலது கையில் போட்டுக்கொண்டு விரலை நீட்டினால் கணினியில் படம் திறக்கும். கையை மூடினால் படமும் மூடிக்கொள்ளும்.

"இனிமே உங்களுக்கு ஓய்வுதான், மவுஸ் அண்ணே," என்றது கையுறை.

"நல்லா இருடா தம்பி," என்றது பழைய மவுஸ். அதற்குக் கோபமெல்லாம் வராது.

கண்காட்சியன்று மேசைக்கு மேலே 'இனி மவுஸ் வேண்டாம்' என்ற அட்டை தொங்கியது. மவுஸ் யார் கண்ணிலாவது பட்டால் கேலி செய்வார்களே என்று அதைக் குர்தாவின் இடது பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

பேராசிரியர் வந்து நின்றார். அவ்வளவுதான், அவள் கைகள் நடுங்க ஆரம்பித்தன. திரையில் படங்கள் திறப்பதும் மூடுவதுமாகப் பேயாட்டம் போட்டன.

"அண்ணே, இவ நடுங்குறது அத்தனையும் திரையில தெரியுதே!" என்று அலறியது கையுறை. "உங்ககிட்ட இவ நடுங்கினதே இல்லையா?"

"பரீட்சை ரிசல்ட் பார்க்குறப்பல்லாம் நடுங்குவாடா. என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்குவா, அடங்கிடும். உன்னைப் போட்டுக்கத்தான் முடியும், பிடிச்சுக்க முடியாதே."

அப்போது நிலோஃபரின் இடது கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய் மவுஸை இறுகப் பற்றியது. மெல்ல மெல்ல வலது கையும் அடங்கியது. அவள் விரலை நீட்டினாள். ஒரே ஒரு படம் அழகாகத் திறந்தது.

பேராசிரியர் கைதட்டினார். "அடடே, இனிமே மவுஸே வேண்டாம் போலிருக்கே!"

"கேட்டீங்களா அண்ணே?" என்று குதித்தது கையுறை.

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றது பாக்கெட்டுக்குள்ளிருந்து மவுஸ். "கத்தாதடா. அவ இன்னும் என்னை விடல."