மகன் இருக்கிறான்

ஷார்ஜா தொழிலாளர் கேம்ப்பிலிருந்து கார்மேகம் தன் ஊர் வி.ஏ.ஓ.வுக்குப் போன் செய்தான்.

"சார், மீனாம்பாளுக்காக எழுதிப்போட்ட முதியோர் பென்ஷன் மனு என்னாச்சு?"

"தள்ளுபடி. மகன் வெளிநாட்டுல இருக்கறப்ப அரசாங்கம் எதுக்குச் சோறு போடணும்?"

"அவன் ஒரு வருஷமா ஒண்ணும் அனுப்பல சார்."

"அப்படியா? பெத்தவளைப் பட்டினி போடுறவன் மனுசனா? ஆமா, நீங்க யாரு?"

"அந்த மகன்தான் சார். சைட்டுல விழுந்து இடுப்பு ஒடிஞ்சு கிடக்கேன். அம்மாவுக்குத் தெரியாது."

அவர் தணிந்த குரலில் சொன்னார்.

"தம்பி, நான் விசாரிக்கப் போனப்ப உங்க வீட்ல அடுப்பு எரிஞ்ச தடமே இல்ல. ஆனா உங்கம்மா, 'எம்மவன் மாசாமாசம் தவறாம அனுப்புறான், அவனைக் குறை சொல்லாதீங்க'ன்னு கைநாட்டு வச்சுக் குடுத்துட்டாங்க."