மூன்று பேர் சேர்ந்தால் கூட்டம்

"பள்ளிக்கூடத்தப் பத்தி ஒரு விஷயம்..." என்று லவோன் ஆரம்பித்ததுமே டேரல் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மூன்று விரல்களைத் தூக்கிக் காட்டினான்.

"மூணு பேர் இருக்கோம்மா."

லவோன் வாயை மூடிக்கொண்டாள்.

லவோன் அவன் அம்மா. எதிரே மசித்த உருளைக்கிழங்கில் பள்ளம் தோண்டி கிரேவி ஊற்றிக்கொண்டிருந்தவள் ஹெய்டி, அவன் மனைவி. மூன்று பேருமே எங்கள் ஊர்ப் பள்ளி வாரியத்தின் உறுப்பினர்கள்.

வாரியத்தில் மொத்தமே ஐந்து பேர்தான். அதில் மூன்று பேர் ஓரிடத்தில் சேர்ந்து பள்ளி விஷயம் பேசினால், அது சாப்பாட்டு மேசையாக இருந்தாலும் சரி, முடிவெட்டும் கடையாக இருந்தாலும் சரி, சட்டப்படி அது கூட்டம். ஒரு நாள் முன்னதாக அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஊர்க்காரர்கள் வந்தால் உள்ளே விட வேண்டும். போன வருடம் பக்கத்து ஊரில் மூன்று பேர் மீன்பிடிக்கப் போன படகில் புதுப் பேருந்து வாங்குவதைப் பற்றிப் பேசி, நீதிமன்றம் வரை போய் வந்தார்கள். மீனும் கிடைக்கவில்லை.

நாளை மாலை ஓட்டெடுப்பு. பள்ளி வாரத்துக்கு ஐந்து நாளா, நான்கு நாளா?

நான்கு போதும் என்பது லவோன் கட்சி. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். நான்கு நாள் வைத்திருக்கிற ஊருக்குத்தான் வாத்தியார்கள் ஓடுகிறார்கள் என்பது அவள் வாதம். வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது, நீங்களா என்று கேட்பாள் ஹெய்டி. மற்ற இரண்டு உறுப்பினர்களும் ஆளுக்கொரு பக்கம். ஆக, டேரலின் கை எந்தப் பக்கம் உயருமோ அந்தப் பக்கம் வெற்றி.

அந்தக் கை இதுவரை ரொட்டிக்குத்தான் உயர்ந்திருக்கிறது.

டிராக்டர் பழுது பார்க்கிற டேரல் பள்ளி வாரியத் தேர்தலில் நின்றபோது ஊரே அசந்துபோனது. பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராவை இரண்டு முறை படித்தவனுக்குக் கல்வியின் மேல் இவ்வளவு அக்கறையா என்று பேசிக்கொண்டார்கள். அக்கறையாவது, ஒன்றாவது. எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவும் மனைவியும் இதே மேசையில் பள்ளி விஷயம் பேசித்தான் முட்டிக்கொண்டார்கள். மதிய உணவில் சாக்லேட் பால் தரலாமா என்று தொடங்கும். கால்பந்து மைதானத்துப் புல் வழியாகப் போய், "நீயே சொல்லு டேரல்" என்பதில் முடியும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அதற்குள் இறைச்சி ஆறிப்போயிருக்கும்.

உறுப்பினர்கள் இரண்டு பேர் எவ்வளவு சண்டை போட்டாலும் சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை. மூன்றாவது உறுப்பினர் உட்கார்ந்தால்தான் வாயைப் பூட்ட வேண்டும். அம்மா சோபாவில் போட்டுவிட்டுப் போன விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்த மறுநாளே அவன் மனுத் தாக்கல் செய்தான். பதினான்கு ஓட்டில் ஜெயித்தான்.

போன ஞாயிறு இருவரும் அவனைத் தனியாக மடக்கப் பார்த்தார்கள். "என் கார்ல ஏதோ சத்தம் வருது, வந்து பாரு" என்றாள் அம்மா. மேசைக்கடியில் காலை மிதித்தாள் மனைவி. அவன் நாற்காலியை விட்டு அசையவில்லை.

இன்று அந்தத் தொல்லைகூட இல்லை.

"விடுங்க அத்தை, நிம்மதியா சாப்பிடட்டும்" என்றாள் ஹெய்டி.

"அதுவும் சரிதாம்மா" என்றாள் லவோன்.

டேரல் நிமிர்ந்து பார்த்தான். அம்மா மருமகளுக்கு வெண்ணெயை நகர்த்திக்கொண்டிருந்தாள். வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் இருவரும் அமைதியாக மென்றார்கள். சட்டம் என்றால் சட்டம்தான் என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எட்டு வருடத்தில் முதல் முறையாக இறைச்சி சூடாக இருந்தது. இரண்டாம் முறையும் பரிமாறிக்கொண்டான்.

சரியாக ஒரு மணிக்கு வாசல் மணி அடித்தது.

எங்கள் ஊரில் வீட்டுக்காரர்கள் கார் நிறுத்தும் கொட்டகை வழியாகத்தான் உள்ளே வருவார்கள். வாசல் கதவு பாதிரியாருக்கும் பார்சல்காரருக்கும் மட்டும். டேரலும் அந்தக் கதவைத் திறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும்.

திறந்தான். பக்கத்து வீட்டு ஆர்லன், மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் புல்வெளி நீளத்துக்கு இன்னும் இருபது மடக்கு நாற்காலிகள். ஒருத்தி கையில் வீட்டில் சுட்ட ஆப்பிள் பலகாரம். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கையில் குறிப்பேடு.

"கூட்டம் இங்கதானேப்பா?"

கதவின் வெளிப்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நேற்றுக் காலைத் தேதி. பள்ளி வாரியச் சிறப்புக் கூட்டம், ஞாயிறு மதியம் ஒரு மணி, இடம்: டேரல் வீட்டுச் சாப்பாட்டு அறை, பேசுபொருள்: டேரல் எந்தப் பக்கம், பொதுமக்கள் வரலாம்.

கீழே இரண்டு கையெழுத்துகள். கல்யாணப் பத்திரிகையில்கூட அந்த இரண்டு பெயர்களும் அவ்வளவு நெருக்கமாக நின்றதில்லை.

டேரல் மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

தட்டுகளை எடுத்தாகிவிட்டது. அம்மாவும் மனைவியும் மேசையின் ஒரே பக்கம், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் அவனுக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டிருந்தது.