தண்ணி ஏறுது

மரக்காணம் உப்பளத்து வரப்பில் ஜான்சி செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் பேசுவது அப்படியே வானொலியின் காலை நிகழ்ச்சியில் போகிறது. போன மார்கழியில் கடல் ஊருக்குள் வந்துபோன கரை இது. இளவெயில் பாத்திகளில் பட்டுக் கண் கூசுகிறது. "காலை வணக்கம் நேயர்களே, இன்னிக்கு உங்க ஜான்சி நம்ம கடற்கரையிலிருந்து பேசறேன்" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, மோட்டார் கொட்டகையிலிருந்து, மோட்டார் போடும் தேசப்பன் தினமும் கத்துவதுபோலக் கத்துகிறார்: "தண்ணி ஏறுது! எல்லாரும் மேல ஓடியாங்க!" பாத்தியில் உப்பு வாரும் பெண்கள் நிதானமாக வரப்பில் ஏறுகிறார்கள். "ஏம்பா தேசப்பா, அது தொண்டையா, மில்லு சங்கா? ரேடியோவுல போவுதுய்யா" என்று அவர்களில் ஒருத்தி அமராவதி கேலி செய்ய, எல்லாரும் சிரிக்கிறார்கள். ஜான்சி சிரிக்கவில்லை. அவள் பிறந்த மீனவர் குப்பத்தில் இந்நேரம் வீட்டுக்கு வீடு அவள் குரல்தான் கேட்டுக்கொண்டிருக்கும். "மோட்டார் தண்ணிங்க, பாத்திக்குப் பாயிற தண்ணி. கடல் இல்லைங்க, கடல் சும்மாதான் இருக்குது" என்கிறாள். திரும்பவும் சொல்கிறாள். குரல் நடுங்குகிறது. கொட்டகை ஆணியில் தொங்கும் ரேடியோ அந்த நடுக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறது. தூரத்துச் சவுக்குத் தோப்பைத் தாண்டிக் குப்பத்து ஜனங்கள் ரோட்டை நோக்கி ஓடி வருகிறார்கள். இடுப்பில் குழந்தைகள், ஒருத்தி கையில் குழம்புக் கரண்டி. ஜான்சி பேசிக்கொண்டே இருக்கிறாள். ஓடி வருகிற யார் கையிலும் ரேடியோ இல்லை.